மழை யார் கணக்கில்: கப்பல் ஒப்பந்தங்களில் மோசமான வானிலையின் சட்ட வரலாறு

கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தமாயினும், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்றாகக் கப்பல்காரர் தரும் பில் ஆஃப் லேடிங் என்னும் சரக்கேற்றுச் சீட்டாயினும், கடல்சார் காப்பீட்டுப் பத்திரமாயினும், காற்றையும் மழையையும் அலையையும் பற்றிய ஒரு சொல்லாவது இல்லாமல் அவை எழுதப்படுவதில்லை. கடலில் இழப்பையும் தாமதத்தையும் உண்டாக்கும் காரணங்களுள் வானிலையே பழமையானது. அது நேரும்போது சுமையை ஏற்க வேண்டியவர் கப்பல் உடைமையாளரா, சரக்குக்காரரா, காப்பீடு தந்தவரா என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதற்காகத்தான் இந்த ஆவணங்கள் தோன்றின. ஆயினும் மோசமான வானிலை என்பது எது என்ற கேள்விக்கு வானிலை ஆய்வாளர் தரும் விடையும் சட்டம் தரும் விடையும் ஒன்றல்ல. ஒரே மழை ஒரு கப்பலுக்குச் சட்டப்படி மோசமான வானிலையாகவும், அடுத்த துறையில் நிற்கும் இன்னொரு கப்பலுக்கு அவ்வாறு அல்லாமலும் இருக்க முடியும். உலகக் கப்பல் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பகுதி இன்றும் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டு எழுதப்படுவதால், இந்த வேறுபாடு உருவான வரலாற்றை லண்டன் நீதிமன்றங்களின் தீர்ப்புகளில்தான் முதன்மையாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் சிக்கல் லண்டனுக்கு மிக முந்தியது. ரோமானியச் சட்டம் கப்பல் தலைவனைத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு முழுப் பொறுப்பாளியாக்கியது. பொருள் கப்பற்சேதத்தாலோ கடற்கொள்ளையராலோ அழிந்திருந்தால் அவன் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்ற விலக்கைச் சட்ட அறிஞர் லாபியோ முன்வைத்ததை ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் இந்தச் சிந்தனை மேலும் நுட்பமாயிற்று. பிரான்சின் மேற்குக் கரையை ஒட்டிய ஒலெரோன் தீவின் பெயரால் வழங்கும் விதிகள், அப்பகுதியிலிருந்து இங்கிலாந்துக்கும் ஃபிளாண்டர்ஸுக்கும் ஒயின் ஏற்றிச் சென்ற கப்பல்களின் வழக்கங்களைத் தொகுத்தவை. அவற்றின் தொடக்க விதிகளுள் ஒன்று, துறைமுகத்தில் காற்றுக்காகக் காத்திருக்கும் கப்பலைத் தலைவன் தன் விருப்பப்படி எடுத்துவிடக் கூடாது என்கிறது. அவன் கப்பலில் உள்ளோரைக் கூட்டி, இந்தக் காற்றும் வானமும் எப்படித் தோன்றுகின்றன என்று கேட்க வேண்டும். கருத்துகள் மாறுபட்டால் பெரும்பான்மையோர் சொல்வதற்கு இணங்க வேண்டும். அதை மீறிக் கிளம்பிக் கப்பலை இழந்தால், கையில் பொருள் உள்ளவரை இழப்பீடு தர வேண்டும். இங்கே வானிலை ஓர் இயற்கை நிகழ்வாக மட்டும் பார்க்கப்படவில்லை. அதைப் பற்றி முடிவெடுத்தவர் யார், முறையாக எடுத்தாரா என்பதே பொறுப்பைத் தீர்மானித்தது. பின்வந்த நூற்றாண்டுகளின் வழக்குகள் அனைத்திலும் இந்தக் கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் திரும்ப வருவதால், ஒலெரோன் விதியை இத்துறையின் உண்மையான தொடக்கமாகக் கொள்வது தகும்.

காப்பீட்டு வணிகம் வளர்ந்தபோது, வானிலையை நாள்தோறும் ஆராய்வதற்குப் பதிலாக நாட்காட்டியில் கோடு கிழித்துவிடும் முறை ஒன்றும் தோன்றியது. அதற்குச் சோழமண்டலக் கரையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலையுடைப்பைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. வடகிழக்குப் பருவக்காற்றுத் தொடங்கும் காலத்தில் அந்தத் திறந்த நங்கூரப் பகுதி எவ்வளவு கொடியது என்பதை 1746 அக்டோபர் உலகுக்குக் காட்டியது. ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றிய சில வாரங்களிலேயே லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படை ஒரே புயலில் சிதறுண்டது. இத்தகைய பட்டறிவின் விளைவாகப் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரம் ஆண்டுதோறும் அக்டோபர் 15-ஆம் நாள் இறக்கப்பட்டு டிசம்பர் 15-ஆம் நாள் மீண்டும் ஏற்றப்படும் வழக்கம் நிலைபெற்றது. அந்த இரண்டு மாத இடைவெளியில் சென்னையின் நங்கூரப் பகுதிக்குள் வந்த கப்பல் தன் காப்பீட்டையே இழந்தது. அன்று வானம் தெளிந்திருந்ததா, கடல் அமைதியாக இருந்ததா என்பது பொருட்டாகவே கொள்ளப்படவில்லை. மோசமான வானிலை என்பது அங்கே வானத்தைப் பற்றிய உண்மையாக இல்லாமல், இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலமாகவே இருந்தது. இதைக் கண்மூடித்தனம் என்று சொல்வதற்கில்லை. புயலை முன்னறியும் கருவியோ தந்தியோ இல்லாத காலத்தில் தகராறுக்கு இடமளிக்காத ஒரே அளவுகோல் நாட்காட்டிதான். 1875-க்குப் பின் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்தெறிந்ததை நினைத்தால், அந்தத் தேதிகளை வகுத்தவர்கள் கடலை நன்கு அறிந்திருந்தனர் என்றே சொல்ல வேண்டும்.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் சிக்கலின் மையம் கடலிலிருந்து துறைமுகத்துக்கு நகர்ந்தது. பாய்க்கப்பல் காற்றை நம்பியிருந்தவரை பயணத்தின் கால அளவை எவரும் உறுதியளிக்க முடியாது; நீராவிக் கப்பலுக்கோ துறைமுகத்தில் வீணாகும் ஒவ்வொரு நாளும் எரிபொருளாகவும் ஊதியமாகவும் கடன் வட்டியாகவும் கணக்கிடத்தக்க இழப்பாயிற்று. எனவே ஒரு பயணத்துக்காகக் கப்பலை வாடகைக்கு எடுப்பவர், சரக்கை ஏற்றவும் இறக்கவும் இத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு ஒப்பந்தத்தில் முதன்மை பெற்றது. லே டைம் எனப்படும் அந்தக் காலத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. அது வாடகையிலேயே அடங்கிவிடும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கு முன்பே வேலையை முடித்தால், பல ஒப்பந்தங்களில் கப்பல்காரர் டெஸ்பாட்ச் என்ற ஊக்கத்தொகை தருவார். இந்த நாட்களை எண்ணுவதில்தான் மழை நுழைந்தது. இடைவிடாது ஓடும் நாட்கள், விடுமுறை நீங்கலான வேலைநாட்கள் என்ற இரு வகைகளோடு, வானிலை அனுமதிக்கும் வேலைநாட்கள் என்ற மூன்றாவது வகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவலாயிற்று. அதன்படி, வானிலையால் வேலை செய்ய இயலாத நாள் எண்ணிக்கையில் சேராது.

எளியதாகத் தோன்றும் இந்தச் சொற்றொடர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீதிமன்றங்களை அலைக்கழித்தது. முதல் கேள்வி, காலையில் இரண்டு மணி நேரம் மழை பெய்து பின் வெயில் அடித்தால் அந்த நாள் என்ன ஆவது என்பது. 1897-இல் பிராங்கிலோ கப்பல் நிறுவனத்தின் வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி ரஸ்ஸல் பிரபு, நாளின் கணிசமான பகுதியில் வேலை நடந்திருந்தால் அதற்கேற்ப அரை நாளாகவோ முழு நாளாகவோ கொள்ளலாம் என்று பொதுவாக வழிகாட்டினார். அன்றைய துறைமுக வேலையின் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது: வேலை செய்யும் எண்ணமே இல்லாத நேரத்தில் பெய்த மழை கணக்கில் வருமா? 1957-இல் அசுவேரோ நிறுவன வழக்கில் நீதிபதி பியர்சன், இந்தச் சொற்றொடர் ஒரு நாளின் தன்மையை விவரிப்பதே அன்றி அன்று உண்மையில் நடந்ததைக் கூறுவதன்று என்று விளக்கினார். ஆட்கள் வரவில்லை என்றாலும், இறக்குமதியாளர் அன்று வேலை செய்யத் திட்டமிடவில்லை என்றாலும், வேலை செய்ய முயன்றிருந்தால் மழை தடுத்திருக்கும் எனில் அந்த நேரம் கழிக்கப்பட வேண்டும். இந்த விளக்கம் முதற்பார்வைக்குச் சரக்குக்காரருக்குச் சாதகமாகத் தோன்றினும், உண்மையில் நேர்மையானது; ஏனெனில் இது சாக்குப்போக்குகளை விசாரிக்கும் வேலையிலிருந்து இரு தரப்பையும் விடுவித்து, கேள்வியை வானத்துக்கும் வேலைக்கும் இடையிலான உறவாக மட்டும் சுருக்கியது.

முடிவான விடை கனடாவின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. 1953-இல் வான்கூவர் துறைமுகத்தின் தானியக் கிடங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, பிரிட்டனுக்குக் கோதுமை ஏற்ற வந்த கப்பல்கள் முடங்கின. கார்டிஃப் நகரின் ரியர்டன் ஸ்மித் நிறுவனத்துக்கும் பிரிட்டிஷ் வேளாண் அமைச்சகத்துக்கும் இடையே எழுந்த வழக்கு, பத்தாண்டு நடந்து, அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவையில் 1963-இல் முடிந்தது. அதில் டெவ்லின் பிரபு, நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையிலான 24 மணி நேரமே என்றும், மழையால் இழந்த நேரத்தை அந்த 24 மணியிலிருந்து நேரடியாகக் கழிக்காமல், துறைமுகத்தில் உண்மையில் வேலை நடக்கும் அல்லது நடந்திருக்கக்கூடிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பங்கிட வேண்டும் என்றும் விளக்கினார். வேலை நடக்காத இரவில் கொட்டிய மழைக்கு மதிப்பில்லை. ஆனால் எட்டு மணி நேர வேலையில் இரண்டு மணி நேரம் மழை தடுத்தால், இழந்தது வேலைநாளின் கால்பங்கு. ஆகவே கணக்கிலிருந்து நீங்குவது இரண்டு மணியல்ல, 24 மணியின் கால்பங்கான ஆறு மணி நேரம். டெமரேஜ் நாளொன்றுக்கு 20,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதே இரண்டு மணி மழையின் விலை ஒரு கணக்கில் 1,667 டாலர், இன்னொரு கணக்கில் 5,000 டாலர். இந்த வேறுபாட்டை உணர்ந்த கப்பல் உடைமையாளர்கள், தொடர்ச்சியான 24 மணி நேர வானிலை வேலைநாள் என்ற நீண்ட சொற்றொடரை ஒப்பந்தங்களில் புகுத்தினர். அது எழுதப்பட்டால் மழை பெய்த நேரம் மட்டும், பகலோ இரவோ, மணிக்கு மணி கழிக்கப்படும். கப்பல் வணிக அமைப்புகள் 1980, 1993, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட லே டைம் விளக்கங்கள் இந்த இரு முறைகளையும் தனித்தனியே வரையறுத்தே வைத்திருக்கின்றன.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையாக இருப்பது துறைமுகத்தில் கப்பல் முகவர் எழுதும் நிகழ்வு அறிக்கை என்னும் எளிய தாள். கப்பல் வந்தடைந்த நேரம், தொழிலாளர் ஏறிய நேரம், மழை தொடங்கியதும் ஹாட்ச் எனப்படும் சரக்கறை மூடி மூடப்பட்ட நேரம், மழை நின்று மூடி திறந்த நேரம், வேலை மீண்டும் தொடங்கிய நேரம் என ஒவ்வொன்றும் நிமிடம் பிசகாமல் அதில் பதிவாகும்; கப்பல் தலைவரும் சரக்குக்காரரின் ஆளும் கையெழுத்திடுவர். கப்பலில் வைக்கும் லாக் புத்தகத்தோடு இந்தத் தாள் ஒத்துப்போகாவிட்டால் தகராறு தொடங்கிவிடும். மழை நின்றது 10.10-க்கு, மூடியைத் திறந்தது 10.50-க்கு என்றால் இடைப்பட்ட 40 நிமிடம் வானிலையா, தொழிலாளரின் தாமதமா என்பதுகூட வாதத்துக்கு உரியதே. சரக்கின் இயல்பும் இதில் விலக்க முடியாத பங்கு பெறுகிறது. சிமென்ட், சர்க்கரை, யூரியா, கோதுமை ஆகியவற்றுக்குத் தூறலே போதும், வேலை நின்றுவிடும். இரும்புத் தாதுவுக்கும் நிலக்கரிக்கும் அத்தூறல் ஒன்றும் செய்யாது. குழாய்வழி எண்ணெய் இறக்கும் கப்பல் பெருமழையிலும் வேலை செய்யும், ஆனால் பலத்த காற்றில் குழாயைக் கழற்றியே ஆக வேண்டும். ஆகவே சட்டத்தின் பார்வையில் வானிலை என்பது தனித்து நிற்கும் பொருளன்று. அது எப்போதும் இந்தச் சரக்கு, இந்தத் துறை, இந்த வேலை என்ற மூன்றோடும் சேர்ந்தே பொருள் பெறுகிறது.

வேலைக்கும் வானிலைக்கும் உள்ள இந்த உறவு எவ்வளவு குறுகியது என்பதைக் கல்கத்தாவில் எழுந்த ஒரு வழக்கு காட்டியது. ஹூக்ளி ஆற்றில் கடலோதம் சில காலங்களில் சுவர்போல் எழுந்து ஏறிவரும். அந்த ஓத அலைக்கு அஞ்சித் துறைமுக அதிகாரி மரியா ஜி என்ற கப்பலைச் சரக்கேற்றும் துறையிலிருந்து விலக்கி ஆற்றின் நடுவே மிதவைகளில் கட்டச் சொன்னார். அந்த நாட்களை வானிலை தடுத்த நாட்களாகக் கழிக்க வேண்டும் என்று வாடகைதாரர் கோர, 1958-இல் அதை விசாரித்தவரும் பின்னாளில் வான்கூவர் வழக்கை முடித்துவைத்த அதே டெவ்லின்தான். ஆபத்து கப்பலுக்கே அன்றிச் சரக்கேற்றும் வேலைக்கு இல்லை. ஆகவே நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவர் தீர்ப்பளித்தார். இத்தீர்ப்பு தர்க்கத்தில் சரியாக இருந்தாலும், துறைமுக வாழ்க்கையை அறிந்தவருக்கு ஏற்க அரியது. துறையில் நிற்கவே முடியாத கப்பலில் சரக்கை ஏற்றுவதும் முடியாது என்பதே நடைமுறை. 1982-இல் நீதிபதி பார்க்கர் வேறொரு வழக்கில், இவ்விரண்டுக்கும் இடையே பொருளுள்ள வேறுபாடு இல்லை என்று கருதியது அதனால்தான் வரவேற்கத்தக்கது. சிலியின் திறந்த கரைத் துறைமுகங்களில், பேரலையால் படகு கரையேற முடியாத நாட்களை அலைநாட்கள் என்று துறைமுக அதிகாரிகள் அறிவித்த வழக்கம் 1908-இலேயே லண்டன் நீதிமன்றத்தை எட்டியிருந்ததும் இதே சிக்கலின் இன்னொரு முகமே. நம் ஊர்ப் புயல் கூண்டும் இங்கே எண்ணத்தக்கது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றப்பட்டதால் மட்டுமே ஒப்பந்தத்தில் வானிலை மோசமாகிவிடாது. அந்தக் காற்றோ, அதை ஒட்டிப் பிறந்த ஆணையோ வேலையைத் தடுத்ததா என்பதையே நடுவர்கள் கேட்பர்.

வாடகைதாரருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பும் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். லே டைம் தீர்ந்து டெமரேஜ் ஓடத் தொடங்கியபின் பெய்யும் மழை எந்தக் கணக்கிலிருந்தும் கழியாது. இந்திய அரசு வாடகைதாரராக இருந்த ஸ்பால்மடோரி என்ற கப்பலின் வழக்கில், பிரபுக்கள் அவையில் ரீட் பிரபு இந்தக் கோட்பாட்டை மிகத் தெளிவாக எடுத்துரைத்தார். அங்கே கேள்வி வேலைநிறுத்தத்தைப் பற்றியதாயினும், கோட்பாடு வானிலைக்கும் பொருந்தும்: தாமதம் தொடங்கியவர் ஏற்கெனவே ஒப்பந்தத்தை மீறியவர், ஆகையால் வெளிப்படையான சொற்கள் இல்லாமல் எந்த விலக்கும் அவருக்குத் துணைவராது. அதற்கு எதிர்த்திசையில், நெரிசலால் துறை கிடைக்காமல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பலுக்கு, துறையில் நின்றிருந்தால் எந்த மழைநேரம் கழிந்திருக்குமோ அந்த நேரம் காத்திருக்கும்போதும் கழியும் என்பதை, நோவோரோசிஸ்கிலிருந்து திரிபோலிக்குச் சிமென்ட் கொண்டுசென்ற டாரா கப்பலின் வழக்கு 1976-இல் நிலைநாட்டியது.

துறைமுகத்தை விட்டுக் கடலுக்குச் சென்றதும் மோசமான வானிலை முற்றிலும் வேறொரு பொருள் கொள்கிறது. அங்கே கேள்வி நேரத்தைப் பற்றியதன்று, அழிவைப் பற்றியது. 1876-இல் நியூஜன்ட் என்பவரின் பெண்குதிரை லண்டனிலிருந்து அபர்டீனுக்குச் செல்லும் வழியில், புயலின் ஆட்டத்தாலும் தன் அச்சத்தாலேயே துள்ளி மோதிக்கொண்டதாலும் இறந்தது. முறையான எச்சரிக்கையோடு ஏற்றிச் சென்ற கப்பல்காரர் இயற்கையின் விளைவுக்குப் பொறுப்பல்லர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1887-இல் பிரபுக்கள் அவையை எட்டிய இரு வழக்குகள், கடல் இடர் என்று காப்பீட்டிலும் சரக்கேற்றுச் சீட்டிலும் எழுதப்படும் சொல்லின் எல்லையை நிறுவின. ஒன்று, சாந்தோ என்ற கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மற்றொன்று, பர்மாவின் அக்யாபிலிருந்து அரிசி ஏற்றிச் சென்ற கப்பலில் எலிகள் ஈயக் குழாயைக் கடித்து ஓட்டை போட, கடல்நீர் புகுந்து அரிசி கெட்டது. இரண்டிலும் புயல் இல்லை. ஆனால் இரண்டும் கடல் இடரே என்று பிரபுக்கள் கருதினர். ஹெர்ஷெல் பிரபுவின் விளக்கம் இன்றளவும் அடிப்படையாக உள்ளது: கட்டாயம் நிகழ்ந்தே தீரும் தேய்மானத்துக்குக் காப்பீடு இல்லை; நிகழலாம், நிகழாமலும் போகலாம் என்ற தற்செயலுக்கே காப்பீடு; அதற்குக் காற்று வழக்கத்துக்கு மாறான வேகத்தில் வீச வேண்டிய தேவையில்லை. 1906-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இக்கருத்தையே ஏற்று, காற்றும் அலையும் வழக்கமாகச் செய்யும் வேலை கடல் இடரில் அடங்காது என்று விதித்தது.

இந்தச் சொற்கள் தந்த குழப்பம் பெரிது. வழக்கமான காற்று என்றால் வழக்கத்துக்கு மாறாத வானிலை எல்லாம் விலக்கப்பட்டுவிட்டதா? அமெரிக்க நீதிமன்றங்கள் நீண்டகாலம் அப்படித்தான் எண்ணின. கப்பல்காரர் தப்ப வேண்டுமெனில் தடுக்க முடியாத பேராற்றலைக் காட்ட வேண்டும் என்று கேட்டன. ஆங்கிலச் சட்டம் வேறு வழி சென்றது. 1940-இல் பிரிவி கவுன்சில் முன் வந்த வழக்கில், ரங்கூனிலிருந்து கனடாவுக்குச் சென்ற அரிசி, அலைநீர் புகாமலிருக்கக் காற்றுத் துளைகளை மூடியதால் வெப்பமேறிக் கெட்டது. அக்காலத்தில் பர்மிய அரிசி விளைச்சலின் பெரும்பகுதிக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடனே முதலாக இருந்ததை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு அந்தச் சரக்கின் பயணம் அந்நியமானதாக இராது. ரைட் பிரபு, வழக்கமான என்ற சொல் காற்றின் வேகத்தையன்று, அதன் விளைவையே குறிக்கிறது என்ற கருத்தில் நின்றார். கடல்நீர் தற்செயலாகப் புகுவதைத் தடுக்க எடுத்த நடவடிக்கையின் விளைவும் கடல் இடரே என்று தீர்ப்பளித்தார். 1998-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் புங்கா செரோஜா என்ற கப்பலின் வழக்கில் இன்னும் ஒரு படி சென்று, முன்னறிவிக்கப்பட்ட புயலும் கடல் இடராக இருக்கலாம் என்றது. கப்பலும் சரக்கடைப்பும் தகுதியாக இருந்து, மாலுமிகள் முறையாக நடந்துகொண்டிருந்தால், வரப்போவது தெரிந்திருந்தது என்பதனால் மட்டுமே பொறுப்பு மாறாது. இதுவே நியாயமான நிலை. வானிலை அறிக்கைகள் துல்லியமாகும்தோறும் காப்பீடு சுருங்கிக்கொண்டே போக வேண்டும் என்ற முடிவுக்கு அமெரிக்க வாதம் இட்டுச்செல்லும்.

இக்கோட்பாட்டின் இறுதிச் சோதனை 2011-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. மலேசியாவுக்காக வாங்கப்பட்ட செண்டார் மோப்பு என்ற எண்ணெய்த் தோண்டு மேடை, வானோக்கி நீட்டிய தன் மூன்று எஃகுக் கால்களுடன் தட்டையான ஒரு சரக்குப் படகில் ஏற்றப்பட்டு, 2005 ஆகஸ்டில் டெக்சஸின் கால்வெஸ்டனிலிருந்து லூமுட்டுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. வழியில் தென்னாப்பிரிக்காவின் சல்டானா விரிகுடாவில் கால்களின் வெடிப்புகள் சோதிக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டன; ஆனால் நவம்பர் 4-ஆம் நாள் மாலை ஒரு காலும், மறுநாள் மாலை அரை மணி இடைவெளியில் மற்ற இரண்டும் ஒடிந்து கடலில் வீழ்ந்தன. கடல் எதிர்பார்த்த அளவுக்குள்தான் இருந்தது. ஆகவே இது பொருளின் உள்ளார்ந்த குறையே, கடல் இடரன்று என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. கால்கள் ஏற்கெனவே களைத்திருந்தாலும், குறிப்பிட்ட ஓர் அலை குறிப்பிட்ட ஒரு கணத்தில் வந்து தாக்கியதே ஒடிவுக்கு உடனடிக் காரணம் என்று நீதிபதிகள் ஏகமனதாகக் கண்டு, காப்பீட்டாளரைப் பணம் கட்டச் செய்தனர். இதற்கு முந்திய பாப்பி எம் வழக்கு இதன் எதிர்முகமாக அமைந்தது. 1976-இல் அல்ஜீரியக் கரைக்கு அப்பால், காற்றும் அலையும் அமைதியாக இருந்தபோது, சர்க்கரை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பல் பக்கவாட்டுத் தகடு பிளந்து மூழ்கியது. நீரில் மறைந்து சென்ற நீர்மூழ்கிக் கப்பல் மோதியிருக்க வேண்டும் என்ற உடைமையாளரின் ஊகத்தை, வேறு விளக்கங்கள் இன்னும் நம்பத்தகாதவை என்ற காரணத்தால் மட்டும் ஏற்க முடியாது என்று 1985-இல் பிரபுக்கள் அவை மறுத்துவிட்டது. கடல் அமைதியாக இருந்தும் ஒரு கப்பல் மூழ்கியது ஏன் என்பதை விளக்கும் பொறுப்பு காப்பீட்டைக் கோருபவருடையதே.

குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு எடுக்கப்படும் கப்பலின் வேகத்தைப் பற்றிய உறுதிமொழியில் வானிலை எண்ணாகவே மாறிவிட்டது. கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1806-இல் தன் குறிப்பேட்டில் வகுத்து, 1838-இல் பிரிட்டிஷ் கடற்படை ஏற்ற காற்றளவை இன்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எல்லைக்கோடாக நிற்கிறது. நான்காம் நிலை, அதாவது மணிக்கு 11 முதல் 16 கடல்மைல் வரையிலான காற்று, நல்ல வானிலைக்கு உச்சம் என்று பொதுவாக எழுதப்படும். ஐந்தாம் நிலையிலும் அதற்கு மேலும் ஓடிய நேரம் வேகக் கணக்கிலிருந்து நீங்கும். பாதுகாப்பான துறைமுகம் என்ற உறுதிமொழியில் எண்கள் போதாமல் போனதை 2006 அக்டோபர் 24 காட்டியது. ஜப்பானின் கஷிமாவில் நெடுநீள அலைகள் ஓஷன் விக்டரி என்ற பெருங்கப்பலைத் துறையில் நிற்க விடவில்லை. வெளியேறும் வழியில் வீசிய வடக்குப் புயற்காற்று அதைத் தரைதட்டச் செய்தது. இவ்விரண்டும் தனித்தனியே அங்கு வழக்கமானவை; ஒரே நேரத்தில் கூடியது அரிதான நிகழ்வு என்று கருதி, துறைமுகம் பாதுகாப்பானதே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 13.76 கோடி டாலர் கோரிக்கை தோற்றது.

இந்தியாவின் 1963-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் பிரிட்டிஷ் விதியை ஏறத்தாழச் சொல் மாறாமல் எடுத்துக்கொண்டது. தூத்துக்குடிக்கு உரம் இறக்க வரும் கப்பல்களின் வாடகை ஒப்பந்தங்களிலும் லண்டன் நடுவர் மன்றமே பெரும்பாலும் குறிக்கப்படுவதால், வான்கூவரிலும் ஹூக்ளியிலும் எழுந்த விளக்கங்கள் தமிழக வணிகரின் பணத்தையும் தீர்மானிக்கின்றன. எனவே கையெழுத்திடும் முன் அவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: வானிலை வேலைநாளின் பின்னால் தொடர்ச்சியான 24 மணி நேரம் என்ற சொற்கள் உள்ளனவா என்பதும், துறைமுக அதிகாரியின் ஆணையால் கப்பல் விலகும் நேரம் யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதும். இவற்றை மழைக்காலம் தொடங்கியபின் பேசிப் பயனில்லை. ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.